விட்டு வந்த காணியும் சட்டம் விதிக்கும் காலக்கெடுவும்

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு தடவையேனும் இடம்பெயராத கமக்காரக் குடும்பத்தைக் காண்பது அரிது. 1984 டிசம்பரில் தென்னமரவாடி மக்கள் ஊரை விட்டனர். 1985இல் திரியாய் மக்கள் வெளியேறினர். 2006 ஏப்ரலில் சம்பூரும் அயற்கிராமங்களும், அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரும் காலியாயின. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் வயலையும் வளவையும் விட்டுப் போனவர்களே. போர் 2009இல் முடிந்தது. ஆனால் காணிப் பிணக்குகள் பல இன்னும் முடியவில்லை.

இப்பிணக்குகளைப் பற்றி மக்களோடு பேசும்போது ஒரு கருத்தை நாம் அடிக்கடி கேட்கிறோம். "காணி எங்கட காணி. எப்ப போனாலும் கேட்கலாந்தானே?" என்பதே அது. இதில் பாதி உண்மை உண்டு. ஊரை விட்டுப் போனதால் மட்டும் எவரும் காணியுரிமையை இழப்பதில்லை. ஆனால் சட்டம் "காணி யாருடையது?" என்று மட்டும் கேட்பதில்லை. "இது என்ன வகைக் காணி? உரிமையை நீர் எப்போது கேட்டீர்?" என்றும் கேட்கிறது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் காலத்தைக் கடத்தியதாலேயே பலருடைய நியாயமான உரிமை பலவீனப்பட்டிருக்கிறது. ஆகவே காணியின் வகைகளையும், ஒவ்வொன்றுக்கும் உரிய காலக்கெடுவையும், போக வேண்டிய கந்தோரையும் இக்கட்டுரையில் ஒழுங்காகப் பார்ப்போம்.

உம்முடைய காணி எந்த வகை?

எமது பகுதிகளில் பெரும்பாலும் மூன்று வகையில் காணி ஆளப்படுகிறது.

முதலாவது உறுதிக் காணி. நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதியினாலோ முதிசமாகவோ வந்த தனியார் காணி இது. இதற்குரிய கந்தோர் காணிப் பதிவகம். பிணக்கென்றால் மாவட்ட நீதிமன்றம்.

இரண்டாவது பெர்மிற் காணி. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய காணி இது. முதலில் அனுமதிப்பத்திரம் தரப்படும். நிபந்தனைகளை நிறைவேற்றிய பின் அளிப்புப் பத்திரம் தரப்படும். குடியேற்றத் திட்டங்களில் உள்ள வயல்களும் மேட்டுக் காணிகளும் பெரும்பாலும் இந்த வகையே. இதற்குரிய கந்தோர் பிரதேச செயலகம்.

மூன்றாவது, இன்னொருவருடைய வயலைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ செய்வது. இங்கே நிலம் உம்முடையதல்ல. ஆனாலும் அதைச் செய்யும் உரிமை சட்டத்தால் காக்கப்படுகிறது. இதற்குரிய கந்தோர் கமநல சேவை நிலையம்.

ஒரே குடும்பத்துக்கு வளவு உறுதியிலும், வயல் பெர்மிற்றிலும், இன்னொரு துண்டு குத்தகையிலும் இருக்கலாம். மூன்றையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது. ஒன்றுக்குப் பொருந்தும் சட்டம் மற்றதற்குப் பொருந்தாது.

இரண்டு மாதமும் ஒரு வருடமும்

திரும்பி வந்து குடியேறிய பின்னரும், அல்லது பெரும்போகத்துக்கு வயலில் இறங்கிய பின்னரும், வேறொருவர் வந்து பலவந்தமாக வெளியேற்றுவது உண்டு. அப்படி நடந்தால் முதலில் பொலிசில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெற வேண்டும். சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணித் தகராறு என்றால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும். பொலிசார் தாக்கல் செய்யாவிட்டால் பாதிக்கப்பட்டவரே தாக்கல் செய்யலாம்.

இந்த வழக்கில் நீதிமன்றம் காணியின் சொந்தக்காரர் யார் என்று தீர்ப்பதில்லை. காணி யாருடைய ஆட்சியில் இருந்தது என்பதையே பார்க்கும். வழக்குத் தாக்கலான நாளுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் என்று காட்டினால், அவரை மீண்டும் காணியில் இருத்தும்படி கட்டளையிடலாம். "போகம் முடியட்டும், பார்ப்போம்" என்று பொறுத்திருந்தால் இந்த இரண்டு மாதம் போய்விடும்.

இரண்டு மாதம் தவறிவிட்டால் இன்னொரு வழி உண்டு. ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, சட்டத்துக்கு மாறாக வெளியேற்றப்பட்டவர் ஒரு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைக்கலாம். அந்த வழக்கிலும் உரித்தை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆட்சியில் இருந்ததையும் வெளியேற்றப்பட்டதையும் காட்டினால் போதும். ஒரு வருடமும் கடந்துவிட்டால் உறுதி, வரைபடம், பரம்பரை எல்லாவற்றையும் காட்டி உரித்தை நிரூபிக்கும் நீண்ட வழக்கே மிஞ்சும். அது வருடக்கணக்கில் இழுபடும், செலவும் அதிகம்.

உறுதிக் காணிக்குப் பத்து வருடம்

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒருவர் இன்னொருவருடைய காணியைச் சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல், அவருக்கு எதிரிடையாக, இடையூறும் இடைவெளியும் இன்றிப் பத்து வருடம் ஆண்டு வந்தால், நீதிமன்றம் அக்காணிக்கு அவரையே உரித்தாளராகப் பிரகடனம் செய்யலாம். கையில் உறுதி இருந்தாலும் இப்படி உரித்துப் போகலாம் என்பதைப் பலர் அறிவதில்லை.

முகாமிலோ வன்னியிலோ இந்தியாவிலோ இருந்த ஒருவர், அடாத்தாக இருப்பவர் மீது எப்படி வழக்கு வைத்திருக்க முடியும்? இந்த அநீதியைக் கருதி, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் 2016 ஏப்ரலில் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தமது உரிமையைத் தேட முடியாமற் போனவர்கள் வழக்கு வைப்பதற்கு அது வாய்ப்பளித்தது. ஆனால் அதற்கு இரண்டு வருடம் மட்டுமே கொடுக்கப்பட்டது. அந்த இரண்டு வருடமும் 2018இல் முடிந்துவிட்டது. செய்தி எட்டாததால் அதைப் பயன்படுத்தாமல் விட்ட குடும்பங்கள் உண்டு.

அதற்காக எல்லாம் கைவிட்டுப் போயிற்று என்று எண்ண வேண்டாம். மூன்று விடயங்களை மனதில் வைத்திருங்கள்.

ஒன்று, பத்து வருட ஆட்சியை நிரூபிக்கும் பாரம் அதைக் கோருபவர் மீதே இருக்கிறது. வெறுமனே "இருபது வருடமாக இருக்கிறேன்" என்று சொன்னால் போதாது.

இரண்டு, உமது அனுமதியோடு காணிக்குள் வந்தவர் மனதுக்குள் மட்டும் எண்ணத்தை மாற்றிக்கொண்டு சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. காணியைப் பார்த்துக்கொள்ளும்படி நீர் விட்டுப்போன உறவினரோ குத்தகைக்காரரோ உமது உரிமையை வெளிப்படையாக மறுத்த நாளிலிருந்தே அவருக்குக் காலம் ஓடத் தொடங்கும். அனுமதி கொடுத்ததற்குக் கடிதமோ, குத்தகைப் பற்றுச்சீட்டோ, பணம் அனுப்பிய வங்கிச் சீட்டோ இருந்தால் அது பெறுமதியான சான்று.

மூன்று, சகோதரர்கள் சேர்ந்து உரித்தான முதிசக் காணியில் ஒருவர் மட்டும் இருந்து ஆண்டு வந்தால், அது எல்லோர் சார்பாகவும் ஆண்டதாகவே கொள்ளப்படும். 1911இல் கோமறைக் கழகம் கொறெயா எதிர் இசேரிஸ் அப்புகாமி வழக்கில் இதைத் தீர்த்துச் சொன்னது. ஆயினும் மிக நீண்ட காலமும் வேறு சூழ்நிலைகளும் சேர்ந்தால், மற்றவர்களின் உரிமை மறுக்கப்பட்டுவிட்டதென நீதிமன்றம் ஊகிக்கவும் இடமுண்டு. "அண்ணன்தானே இருக்கிறார்" என்ற நம்பிக்கையோடு ஒரு எழுத்தும் இருப்பது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. பொலிசில் ஒரு முறைப்பாடு போட்டதால் மட்டும் பத்து வருடக் கணக்கு நின்றுவிடாது. முறைப்பாடு நல்ல சான்று. ஆனால் காலத்தைத் தடுக்க நம்பத்தக்க வழி வழக்குத் தாக்கல் செய்வதே.

பெர்மிற் காணிக்குப் பத்து வருடக் கணக்கு இல்லை

பெர்மிற் காணி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம். அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை ஓடாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிற்றாகவோ அளிப்பாகவோ வழங்கப்பட்ட காணியை எவரும் நீண்டகால ஆட்சியினால் தமதாக்க முடியாதென 161ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

ஆனால் இங்கே வேறு ஆபத்துகள் உண்டு.

நிபந்தனையை மீறினார் என்று கூறிப் பிரதேச செயலாளர் பெர்மிற்றை இரத்துச் செய்யலாம். காணியில் வசிக்கவில்லை, செய்கை பண்ணவில்லை என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். ஆயினும் அதற்கு முன் அறிவித்தல் கொடுத்து, காரணம் காட்ட இடமளித்து, விசாரணை செய்ய வேண்டும். முடிவுக்கு எதிராக மேன்முறையீடும் செய்யலாம். அறிவித்தல் வந்தால் குறித்த நாளில் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் உமக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். போர் காரணமாகவே காணியை விட்டுப் போனீர் என்பதற்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம், முகாம் பதிவு, பங்கீட்டு அட்டை ஆகியவற்றைக் காட்டுங்கள்.

பெர்மிற்காரர் இறந்தால் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கே முதலில் உரிமை. அதன் பின் பெயர் குறிப்பிடப்பட்ட பின்னுரித்தாளருக்கு. ஆனால் இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் காணியின் ஆட்சியை ஏற்க வேண்டும் என்று 68ஆம் பிரிவு கூறுகிறது. இடம்பெயர்ந்திருந்த விதவைகளுக்கு இது முடியாத காரியம். அப்படிப்பட்டவர்கள் காரணத்தை எழுத்தில் விளக்கிப் பிரதேச செயலாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வந்தால் கோவையில் ஒன்றும் இராது.

பின்னுரித்தாளர் பெயர் குறிப்பிடப்படாமலே இருந்தால், முன்னைய சட்டம் ஆண் பிள்ளைக்கே முதலிடம் கொடுத்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியிருக்கிறது. எனினும் குடும்பத்துக்குள் சண்டை வராமலிருக்க, உயிரோடு இருக்கும்போதே பெயரைப் பதிந்து வைப்பதே சிறந்தது. உறுதிக் காணியில் நிலைமை வேறு. பொதுச் சட்டம் பொருந்துவோரிடையே, மரணசாதனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், பாதி வாழ்க்கைத் துணைக்கும் மீதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகவும் சேரும். முஸ்லிம் மக்களுக்கு 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் பின்னுரிமைச் சட்டம் பொருந்தும்.

கணவன் காணாமற்போன மனைவியரின் நிலை தனியானது. மரணச் சான்று எடுக்க மனம் ஒப்பாது. அது இல்லாமல் கந்தோர் வேலையும் நகராது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இறந்தார் என்று சொல்லாமலே, காணாமற்போனார் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். குடும்பத்தின் சொத்துகளைப் பராமரிக்கும் விடயங்களில் அதைக் காட்டலாம்.

பெர்மிற் இல்லாமல் அரச காணியில் குடியிருப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் ஆட்சி மீட்புச் சட்டத்தின் கீழ் வெளியேறும்படி அறிவித்தல் வந்து, அதற்கு இணங்காவிட்டால், விடயம் நீதிவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே செல்லுபடியான பெர்மிற் அல்லது அரசின் வேறு எழுத்து அதிகாரம் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எந்த நியாயமும் எடுபடாது. எத்தனை வருடம் இருந்தோம், எத்தனை தென்னை வைத்தோம் என்பது அங்கே கேட்கப்படாது. பெர்மிற் தொலைந்திருந்தால் அறிவித்தல் வரும்வரை காத்திராமல் இன்றே பிரதேச செயலகத்தில் பேரேட்டுப் பதிவைப் பார்த்து உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள்.

குத்தகை வயல்

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்பளிக்கிறது. சொந்தக்காரர் நினைத்த போக்கில் அவரை வயலிலிருந்து நீக்க முடியாது. நீக்கினால் கமநல ஆணையாளர் நாயகத்துக்கு எழுத்தில் முறையிடலாம். இந்தப் பாதுகாப்பின் உயிர்நாடி கமநல சேவை நிலையத்தில் உள்ள காணி இடாப்பு. உம்முடைய பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இடாப்பின் பிரதி முதற்சான்றாக ஏற்கப்படும்.

இதில் வயற்காரர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. இடம்பெயர்ந்தபோது வயலை ஒருவரிடம் கொடுத்து, பங்கு நெல் வாங்கி வந்திருந்தால், அவர் சட்டப்படி குத்தகைக்காரர் ஆகியிருக்கக் கூடும். பல வருடம் வயலைத் தரிசாக விடாமல் காத்தவரும் ஒரு ஏழைக் கமக்காரரே. இரு பகுதியாரும் கிராம உத்தியோகத்தர், கமக்காரர் அமைப்பு ஆகியோர் முன்னிலையில் பேசி எழுத்தில் முடிவு செய்வதே நல்லது.

அரசு காணியை எடுக்கும்போது

சம்பூர் மக்களின் அனுபவத்தை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். 2006 ஏப்ரலில் இடம்பெயர்ந்த அவர்களுடைய பகுதி 2007 மேயில் வர்த்தமானி மூலம் அதியுயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றம்வரை போன அடிப்படை உரிமை மனுக்கள் வெற்றி பெறவில்லை. 2012இல் அங்குள்ள 818 ஏக்கர் காணி கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் இருந்தபடியே மாற்றுக் காணியை ஏற்க மறுத்து, தங்கள் ஊரையே கேட்டு நின்றனர். 2015 மேயில் ஜனாதிபதி அந்த ஒதுக்கீட்டை இரத்துச் செய்தார். அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு 2015 யூலையில் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. கடற்படை முகாம் இருந்த காணியும் 2016இல் கையளிக்கப்பட்டது. பத்து வருடம் சென்றது. ஆனால் அந்தப் பத்து வருடமும் கோரிக்கை ஓயவில்லை. அது எழுத்திலும் இருந்தது.

பொதுத் தேவைக்கு அரசு தனியார் காணியை எடுப்பதானால் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி நடக்க வேண்டும். 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் அதில் குறித்த நாளுக்கு முன் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்கலாம். 7ஆம் பிரிவு அறிவித்தல் இழப்பீட்டுக் கோரிக்கைக்கானது. அறிவித்தல்கள் காணியிலோ அருகிலோ ஒட்டப்படும். ஊரில் இல்லாதவர் அதைக் காண மாட்டார். ஆகவே ஊரில் உள்ள ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் இப்போதைய விலாசத்தைக் கொடுத்து வையுங்கள்.

விற்கவும் வாங்கவும் முன்

கஷ்டத்தில் இருப்பவரிடம் குறைந்த விலைக்குக் காணி கேட்பவர்கள் எங்கும் உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் நடக்க வேண்டும். வெற்றுத்தாளில் எழுதி முத்திரை ஒட்டிய கடதாசி விற்பனை ஆகாது. பெர்மிற் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதமின்றிக் கைமாற்றினால் அது செல்லாது. வாங்கியவர் பணத்தை இழப்பார், விற்றவர் பெர்மிற்றையே இழக்கலாம்.

வாங்குபவர் பணம் கொடுக்கு முன் காணிப் பதிவகத்தில் அக்காணியின் பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். உறுதி எழுதியதும் தாமதமின்றிப் பதிய வேண்டும். ஒரே காணி இருவருக்கு விற்கப்பட்டால், வஞ்சகமின்றி விலை கொடுத்து முதலில் பதிந்தவருக்கே 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டம் முந்துரிமை தருகிறது.

கடதாசிகள் எரிந்து போனவர்களுக்கு

உறுதி எரிந்தாலும் உரித்து எரிவதில்லை. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் தேடுவது இலகு. தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைப் பாருங்கள். எல்லை கூறுமிடத்தில் உம் தகப்பன் பெயர் இருக்கக்கூடும். அதோடு வாக்காளர் இடாப்பு, ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவு, கோவில் அல்லது பள்ளிவாசல் பதிவேடு, வட்டவிதானையின் சத்தியக் கடதாசி ஆகியன அந்த ஊரில் இருந்தீர் என்பதற்கு உதவியான சான்றுகள்.

அரச காணியைப் பொறுத்தவரை, பத்திரம் தொலைந்தவர்களினதும், தமது காணியில் வேறொருவர் இருக்கக் கண்டவர்களினதும் பிணக்குகளைத் தீர்ப்பதற்கென 2013இல் காணி ஆணையாளர் நாயகம் 2013/01 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டார். பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கும்போது இதைக் குறிப்பிடலாம்.

இந்த மாதமே செய்யக்கூடியவை

ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பியில் தமது காணித் துண்டுகள் எல்லாவற்றையும் எழுதட்டும். எந்த வகை, எவ்வளவு பரப்பு, நான்கு எல்லை, பிளான் இலக்கம், இப்போது யார் இருக்கிறார், எப்போதிருந்து, யாருடைய அனுமதியில் என்பவை அதில் இருக்க வேண்டும். இருக்கும் கடதாசிகளுக்கு இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் வையுங்கள். எந்தக் கந்தோருக்குக் கடிதம் கொடுத்தாலும் உம் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டைக் காத்து வையுங்கள்.

அயலவரோடு உள்ள பிணக்கை முதலில் மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்க முயலுங்கள். காணிப் பிணக்குகளுக்கென விசேட மத்தியஸ்த சபைகளை அமைக்க 2003ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் பேச்சு நடக்கும்போதும் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதை மறவாமல், ஒரு சட்டத்தரணியிடம் நாளைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வறியவர்களுக்காகவே 1978இல் அது சட்டத்தால் அமைக்கப்பட்டது.

நாம் விரும்பி விட்டு வந்த காணி அல்ல. சட்டம் அதை ஓரளவு அறியும். ஆனால் நாம் போய்ச் சொன்னால்தான் அறியும். முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எல்லைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் போகம் முடியுமுன் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தடவையேனும் உரிய கந்தோருக்குப் போய்த் தமது பெயர் பதிவில் இருக்கிறதா என்று பார்த்து வரட்டும்.